போக்காடும் கல்லறையும்

யோம் கிப்பூர் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1973 ஒக்டோபர் 6இல், அந்த நாளில் மூண்ட போர்தான். ஊரிழந்து வந்த நமக்கு அந்நாளின் பழைய கதை இன்னும் நெருக்கமானது.

எருசலேமில் ஆலயம் இருந்த காலத்தில், திஷ்ரி மாதம் 10ஆம் நாள் மட்டுமே பிரதான ஆசாரியர் மகா பரிசுத்த ஸ்தலத்தினுள் நுழைவார். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போடுவார். ஒன்று பலியாகும். மற்றதன் தலையில் கைவைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழ் வேதாகமம் இதைப் 'போக்காடு' என்கிறது. என்ன பொருத்தமான சொல்!

கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தை எரித்தனர். பலிபீடம் இல்லை, ஆடும் இல்லை. ஆசாரியர் அன்று என்னென்ன செய்தார் என்று ஒழுங்காக எடுத்துச் சொல்வதே வழிபாடாயிற்று. சிதறிப்போன நாடுகளிலெல்லாம் ஏறத்தாழ 25 மணிநேரம் தண்ணீரும் அருந்தாமல், தோற்செருப்பும் அணியாமல் இருந்தார்கள்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் இந்நாளுக்கென்றே 'யோமா' என்றொரு பகுதி உண்டு. கடவுளுக்குச் செய்த பிழையை இந்நாள் தீர்க்கும். அயலானுக்குச் செய்ததை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காது என்கிறது அது. அதனால் முன்கூட்டியே ஒருவரையொருவர் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் வந்தது. இயக்கப் பகையையும் காணிச் சண்டையையும் விமானத்தில் கூடவே கொண்டுவந்த நமக்கு இது சற்று உறைக்கத்தான் செய்கிறது.

அந்த அயலான் இறந்துவிட்டால்? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவன் கல்லறைக்குப் போய்ப் பிழையைச் சொல் என்று 12ஆம் நூற்றாண்டில் எழுதினார் மைமோனிடிஸ். அவர் ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்து, சிறு வயதிலேயே ஊரைவிட்டு ஓடி, எகிப்தில் குடியேறியவர். அவர் பிறந்த ஊரின் கல்லறைகளும் கடலுக்கு அப்பால்தான் இருந்தன.