கம்பம் பள்ளத்தாக்கின் சேமிப்பும் ஏலக்காயும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் குடும்பங்கள் பணத்தை எதில் போட்டு வைத்தன என்று பார்த்தால், இப்பகுதியின் பொருளாதார வரலாறே தெரிந்துவிடும். முதலில் அது நஞ்சை நிலமாக இருந்தது. 1895ஆம் ஆண்டில் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் இங்கு வந்த பின்பு, மழையை மட்டும் நம்பியிருந்த ஊர்களில் நெல் இருபோகமாக விளைந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர் ஆகும். இதற்கு அடுத்த சேமிப்பாக அமைந்தது மலைமேல் விளையும் ஏலக்காய்.

போடி, கம்பம், கோம்பை போன்ற ஊர்களைச் சேர்ந்த பலருக்கு மலையில் ஏலத்தோட்டங்கள் உண்டு. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளாவுடன் சேர்ந்தன. வீடு தமிழ்நாட்டில், முதலீடு கேரளாவில் என்றானது. ஆனாலும் காய் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகக் கீழே வந்துகொண்டுதான் இருந்தது.

ஏலச்செடி காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவு மட்டுமே. பச்சைக்காயை ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் காய வைத்தால் ஏறக்குறைய ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். விலை குறைவாக இருந்தால், வசதியுள்ளவர் காயை மூட்டையாகக் கட்டி வீட்டிலேயே வைத்திருப்பார். மகள் திருமணத்திற்கோ மகன் படிப்பிற்கோ அந்த மூட்டை வெளியே வரும். இதைச் சேமிப்பு என்பதைவிடக் காத்திருப்பு என்பதே சரி. நாளாக ஆகக் காயின் பச்சை நிறம் மங்கும், மணம் குறையும், விலையும் குறையும். கடன் வாங்கித் தோட்டம் செய்தவருக்கோ காத்திருக்கவே வழியில்லை. வட்டி நிற்பதில்லை அல்லவா?

விலையைத் தீர்மானித்தது ஏலம். (பொருளாகிய ஏலம் வேறு, விற்பனையாகிய ஏலம் வேறு. பின்னது போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. போடியில் இரண்டும் ஒரே இடத்தில் நடப்பது ஒரு வேடிக்கை.) 1966ஆம் ஆண்டில் ஏலக்காய் வாரியம் அமைக்கப்பட்டது. 1987இல் அது நறுமணப் பொருட்கள் வாரியத்தில் இணைந்தது. 2007இல் போடிநாயக்கனூரில் மின்னணு ஏலம் வந்தது. வாய்விட்டு விலை கேட்ட வியாபாரிகள் கணினி முன் அமர்ந்தனர். அதற்கு முந்தைய ஆண்டே மும்பையின் எம்.சி.எக்ஸ் சந்தையில் ஏலக்காய்க்கு முன்பேர வணிகம் தொடங்கியிருந்தது. ஏலச்செடியைப் பார்த்தே இராதவரும் அதன் விலைமீது பணம் போட முடிந்தது.

2018ஆம் ஆண்டு வெள்ளத்திலும் அடுத்த கோடை வறட்சியிலும் செடிகள் அழிந்து வரத்து குறைந்தது. 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அது அன்றைய உச்ச விலை, சராசரி அதைவிடக் குறைவு. ஆனால் ஊரில் பேசப்பட்டது உச்ச விலை மட்டுமே. அந்தக் கணக்கை நம்பிக் குத்தகைக்குத் தோட்டம் எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டனர். 2022ஆம் ஆண்டில் விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. நிலம், நகை, காய் எனப் பிரித்து வைத்திருந்தவர்கள் ஓரளவு தாங்கினர்.

விலை ஏறினாலும் இறங்கினாலும், கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியும் முன் ஜீப்பில் ஏறிக் காய் பறிக்கச் செல்லும் பெண்களிடம் விற்க மூட்டை எதுவும் இல்லை. அவர்களுடைய முதலீடு சீட்டும் மகளிர் குழுவும்தான்.