சென்னையில் மின்னஞ்சல் கணக்குத் திருட்டும் சட்டமும்

மின்னஞ்சல் கணக்குத் திருட்டு என்பது ஒருவருடைய கடவுச்சொல்லைப் பிறர் அறிந்துகொண்டு, அவருடைய அஞ்சல் பெட்டிக்குள் நுழைந்து, அவர் பெயரிலேயே செயல்படுவதாகும். பூட்டை உடைத்த தடயம் இதில் இருப்பதில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தால் வந்திருப்பவர் உரிமையாளரே என்று கணினி எடுத்துக்கொள்கிறது. எனவே "அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை" என்று மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் பறிகொடுத்தவர் மீதே விழுகிறது. இந்தச் சுமை எவ்வாறு ஓரளவு குறைந்தது என்பதை அறிய, சென்னையில் தீர்ப்பு வழங்கப்பட்ட இரண்டு வழக்குகள் உதவுகின்றன.

பின்னணி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதலில் இச்சேவை பெற்ற நகரங்களுள் அன்றைய மெட்ராசும் ஒன்று. 1996 ஜூலையில் சபீர் பாட்டியாவும் ஜாக் சுமித்தும் தொடங்கிய ஹாட்மெயில், மின்னஞ்சல் முகவரியை இலவசமாக்கியது. பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட்ட கோபாலபுரம், மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகளில் ஏரோகிராமின் இடத்தை மின்னஞ்சல் பிடித்தது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குச் சென்றனர். பலர் புழங்கும் கணினியில் கணக்கை மூடாமல் எழுந்து வருவதும், கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லித் தட்டச்சு செய்விப்பதும் அன்று தவறாகத் தோன்றவில்லை.

சட்டம் இல்லாத காலம்

இதே சிக்கலை பிரிட்டன் முன்பே சந்தித்திருந்தது. பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் பிரெஸ்டெல் சேவையில் இளவரசர் பிலிப்புக்கு ஓர் அஞ்சல் பெட்டி இருந்தது. 1984-இல் ராபர்ட் ஷிஃப்ரீன், ஸ்டீபன் கோல்டு என்னும் இருவர் அதற்குள் நுழைந்தனர். பிறர் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்கும் சட்டம் அப்போது இல்லை. ஆகவே அவர்கள் மீது போலி ஆவணச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. 1988-இல் பிரபுக்கள் சபை அவர்களின் விடுதலையை உறுதி செய்தது. அதன் பிறகே, 1990-இல், கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது.

2000-ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தால் இழப்பீடு கோர அதன் 43-ஆம் பிரிவு வழி செய்தது. தண்டனை வழங்கும் 66-ஆம் பிரிவோ, கணினியிலுள்ள தகவலை அழித்தல், மாற்றுதல், அதன் மதிப்பைக் குறைத்தல் ஆகியவற்றையே முதன்மையாகப் பேசியது. ஒருவரின் கடவுச்சொல்லைக் கொண்டு அவராகவே நடிப்பதற்கெனத் தனிப் பிரிவு அதில் இல்லை.

எழும்பூர் நீதிமன்றத் தீர்ப்பு, 2004

2004 பிப்ரவரியில் ஒரு பெண் சென்னை காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் புகார் அளித்தார். இது கணக்கைத் திருடிய வழக்கு அன்று. அவர் பெயரில் பொய்க் கணக்கு தொடங்கி, யாகூ குழுமம் ஒன்றில் இழிவான செய்திகளைப் பரப்பிய வழக்கு. ஆனால் பெயரைப் பறிகொடுத்தவர் படும் பாடு இரண்டிலும் ஒன்றே. அச்செய்திகளை அப்பெண்ணே அனுப்பியிருக்கக்கூடும் என்றுகூட எதிர்த்தரப்பு வாதிட்டது. வல்லுநர் சாட்சியமும் பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களின் சாட்சியமும் அந்த வாதத்தை முறியடித்தன. 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் குற்றவாளிக்கு 2 ஆண்டு கடுங்காவல் விதித்தது. 67-ஆம் பிரிவின் கீழ் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் தண்டனையாக இது குறிப்பிடப்படுகிறது.

2008 திருத்தம்

2008-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் 2009 அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. பிறரது கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது 66சி பிரிவின்படியும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவின்படியும் குற்றங்களாயின. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இழப்பீட்டு ஆணை, 2010

அபுதாபியில் பணிபுரிந்த ஒருவர், 2007-இல் தம் வங்கியிலிருந்து வந்ததுபோல் தோன்றிய மின்னஞ்சலை நம்பித் தம் விவரங்களை அளித்தார். அவர் கணக்கிலிருந்து பணம் வேறொரு கணக்குக்கு மாற்றப்பட்டது. இது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றது ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் தீர்ப்பு அலுவலராக இருந்த தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் இதை ஏற்கவில்லை. 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2010 ஏப்ரலில் ஆணையிட்டார். வங்கி மேல்முறையீடு செய்தது. ஏமாந்தவரை மட்டும் குறை கூறாமல், காக்க வேண்டிய நிறுவனத்தையும் கேள்வி கேட்டது இந்த ஆணையின் சிறப்பு.

கணக்கு பறிபோனால் செய்ய வேண்டியவை

முதலில் நம்பகமான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும். மீட்புக்கான தொலைபேசி எண் மாற்றப்பட்டுள்ளதா, வரும் அஞ்சல்கள் வேறு முகவரிக்குத் தாமாகவே செல்லும்படி அமைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பலர் இதைக் கவனிக்கத் தவறுகின்றனர். பிறகு இரட்டைச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். பணம் கேட்டுத் தம் பெயரில் கடிதம் வந்தால் நம்ப வேண்டாம் என உறவினருக்கும் நண்பர்களுக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது.

திருடியவர் அனுப்பிய அஞ்சல்களை வெட்கத்தாலோ பதற்றத்தாலோ அழித்துவிடக் கூடாது. அவை நாள், நேரம் தாங்கிய சான்றுகள். 2019-இல் தொடங்கப்பட்ட தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் அவற்றை இணைத்துப் புகார் அளிக்கலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்பதற்கான விதிகள் முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவில் உள்ளன. 2004-இல் அந்தப் பெண்ணுக்குத் துணை நின்றவை இத்தகைய சான்றுகளே.