கரந்துறை சமயம்: ஜப்பானில் கிறித்தவம் பரவியதும் ஒடுக்கப்பட்டதும்

அரசாணை துறைமுகத்தை அடைக்கும், கோயிலை இடிக்கும், நூலை எரிக்கும். ஆயின் வீட்டினுள்ளே தாய் தன் மகவின் செவியில் ஓதும் சொல்லைத் தடுக்க அதனால் ஆகுமா? இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடைகளுள் மிகத் தெளிவானது ஜப்பான் நாட்டில் கிடைக்கிறது. அந்நாட்டில் 16ஆம் நூற்றாண்டில் கிறித்தவம் விரைந்து பரவிற்று. 17ஆம் நூற்றாண்டில் அதனினும் விரைந்து ஒடுக்கப்பட்டது. குருவும் கோயிலும் இன்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்து, 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் வெளிப்பட்டது. இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஆகவே இதனை இம்மலரில் ஆராய முற்படுகிறோம்.

வந்த வழி

1543ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் சிலர் ஜப்பானின் தென்பகுதியிலுள்ள தனேகஷிமா தீவில் கரை சேர்ந்தனர். அவர்கள்வழி அந்நாட்டார் முதன்முதலாகக் கண்டது துப்பாக்கி. சமயம் அதன்பின் ஆறாண்டு கழித்தே வந்தது. அதனைக் கொணர்ந்தவர் இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார்.

சவேரியார் 1542இல் கோவாவில் வந்திறங்கியவர். அவ்வாண்டிலேயே தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்குச் சென்று பரதவரிடையே பணியாற்றினார். தமிழ் அறியாத அவர், இருமொழியும் அறிந்தாரைத் துணைக்கொண்டு மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, ஊர்தோறும் ஓதுவித்தார். 1547இல் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்தார். கொலைக்குற்றத்தின்பொருட்டுத் தாய்நாட்டை விட்டோடி வந்தவர் அஞ்சிரோ. அவர் கோவாவுக்கு வந்து 1548இல் ஞானஸ்நானம் பெற்றார். அவரையே வழிகாட்டியாகக் கொண்டு, 1549 ஆகஸ்டு 15ஆம் நாள் சவேரியார் ககோஷிமா நகரில் இறங்கினார்.

முத்துக்குளித்துறையில் நேர்ந்த மொழி இடர்ப்பாடு அங்கும் நேர்ந்தது. கடவுள் என்பதற்கு எச்சொல்லை வழங்குவது? அஞ்சிரோவின் சொற்படி 'தைநிச்சி' என்று வழங்கினார் சவேரியார். அது ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவினர் வழிபடும் மகா வைரோசன புத்தரின் பெயர். பாரதத்திலிருந்து வந்த இவரும் தம் நெறியையே கூறுகின்றார் என்று பிக்குகள் முதலில் மகிழ்ந்தனர். பொருள் வேறுபாட்டை உணர்ந்த பின்னர் சவேரியார் அச்சொல்லைக் கைவிட்டு, இலத்தீனச் சொல்லாகிய 'தேயுஸ்' என்பதையே வழங்கலானார். 1551இல் அவர் ஜப்பானை விட்டு நீங்கி, மறுஆண்டு டிசம்பரில் சீனக்கரையோரத் தீவொன்றில் உயிர் நீத்தார்.

வாணிகமும் மன்னரும்

அக்காலத்து ஜப்பான் ஒரு குடைக்கீழ் இருக்கவில்லை. 'தைமியோ' எனப்படும் குறுநில மன்னர்கள் ஓயாது பொருதுகொண்டிருந்தனர். மக்காவு துறையிலிருந்து சீனப் பட்டினை ஏற்றிவரும் போர்ச்சுகீசிய மரக்கலம் எத்துறையில் நங்கூரமிடுகின்றதோ, அத்துறைக்கு உரியவனுக்குச் செல்வம் பெருகிற்று. குருமாரை வரவேற்ற துறையையே அக்கலங்கள் நாடின. எனவே க்யூஷூ தீவின் மன்னர் சிலர் புதிய சமயத்தை ஆதரித்தனர். ஓமுரா சுமிதாடா என்பவர் 1563இல் ஞானஸ்நானம் பெற்று, முதற் கிறித்தவத் தைமியோ ஆனார். நாகசாகித் துறைமுகம் அவர் ஆட்சிப்பகுதியிலேயே திறக்கப்பெற்றது. 1580இல் அதனை இயேசு சபையாருக்கே அவர் அளித்துவிட்டார்.

மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி என்றாயிற்று. 1574இல் ஓமுரா நாட்டில் குடிகள் கூட்டங்கூட்டமாக மதம் மாற்றப்பெற்றனர். பௌத்தக் கோயில்களும் ஷிந்தோ கோயில்களும் அழிக்கப்பட்டன. பின்னாளில் துன்புற்றோர்மீது இரங்கும் நாம், முன்னாளில் நிகழ்ந்த இதனை மறைத்தல் நேர்மையாகாது. பகைமையின் வித்துகளுள் ஒன்று அன்றே ஊன்றப்பட்டது.

ஆயினும் வாணிகம் ஒன்றே காரணம் என்றல் பொருந்தாது. பிணியாளரைப் பேணும் மருத்துவச்சாலையை லூயிஸ் தே அல்மெய்தா என்பார் ஃபுனாய் நகரில் நிறுவினார். ஏழையரை அடக்கம் செய்யவும் நோயாளரைக் காக்கவும் ஊர்தோறும் இல்லறத்தார் சங்கங்கள் எழுந்தன. குருமார் தொகை சிறிதாகையால் இச்சங்கங்களே அன்றாட வழிபாட்டையும் நடத்தின. இதனை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்வரும் வரலாற்றுக்கு இதுவே திறவுகோல்.

1579இல் வந்த வாலிஞ்ஞானோ என்னும் சபைத்தலைவர், ஜப்பானிய மொழியையும் மரியாதை முறைகளையும் குருமார் கட்டாயம் பயிலவேண்டும் என்று விதித்தார். 1582இல் அந்நாட்டுச் சிறுவர் நால்வரைத் தூதராக ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கொச்சி, கோவா வழியாகச் சென்ற அவர்கள் 1585இல் உரோமையில் போப்பாண்டவரைக் கண்டு, 1590இல் அச்சுப்பொறியொன்றுடன் தாயகம் திரும்பினர். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1578இல், அதே சபையைச் சேர்ந்த அன்றீக் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சிட்டிருந்தார் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. 1582இல் ஜப்பானியக் கிறித்தவர் ஏறத்தாழ 1,50,000 பேர் எனக் கணிக்கப்பட்டனர்.

அச்சம் பிறந்தது

நாட்டை ஒன்றுபடுத்தி வந்த ஹிதேயோஷி, 1587இல் க்யூஷூவை வென்றார். அங்கே ஒரு துறைமுகம் அயல்நாட்டுக் குருமார் கையில் இருப்பதையும், கோயில்கள் இடிபட்டிருப்பதையும் அறிந்தார். இருபது நாட்களுக்குள் குருமார் வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. வாணிகம் கெடுமே என்பதால் அவ்வாணை முற்றும் செயற்படவில்லை. 1596இல் ஸான் பெலிப்பே என்னும் ஸ்பானியக் கப்பல் கரை தட்டியபோது நிலைமை மாறிற்று. முதலில் குருமாரை அனுப்பிப் பின்னர் படையை அனுப்புவது தம் மன்னர் வழக்கம் என்று அக்கப்பலின் மாலுமி ஒருவர் பெருமை பேசியதாகக் கூறுவர். 1597 பிப்ரவரி 5ஆம் நாள் நாகசாகிக் குன்றொன்றில் இருபத்தறுவர் சிலுவையில் அறையப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவருள் இருபதின்மர் ஜப்பானியர்; ஒருவர் பன்னிரண்டு வயதுச் சிறுவர்.

அவ்விருபத்தறுவருள் ஒருவர், நாம் வாழும் இம்மும்பை மாநகருக்கு அணித்தேயுள்ள வசாயில் பிறந்தவர். அவர் பெயர் கொன்சாலோ கார்சியா. போர்ச்சுகீசியத் தந்தைக்கும் இந்நாட்டுத் தாய்க்கும் பிறந்து, ஜப்பானில் வணிகராயிருந்து, அம்மொழியில் வல்லவராகிப் பின்னர்ப் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்து துபாஷியாகப் பணியாற்றியவர். 1862இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றது.

ஹிதேயோஷிக்குப்பின் தொகுகாவா இயெயாசு ஆட்சியைக் கைப்பற்றினார். 1600இல் வந்த ஒல்லாந்தர், சமயத்தைக் கொணராமலே வாணிகம் நடத்த முன்வந்தனர். குருமாரைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய தேவை இனி ஷோகுனுக்கு இல்லை. மேலும், தன் தலைவனுக்கும் மேலாக வேறொரு தலைவனுக்குக் கீழ்ப்படிவோன் நம்பத்தக்கவனா என்னும் ஐயம் அவர் அரசைப் பற்றியது. 1614இல் நாடு முழுவதும் கிறித்தவம் தடைசெய்யப்பட்டது. தகயாமா உகோன் என்னும் பெருவீரர் சமயத்தைத் துறக்க மறுத்து மணிலாவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கேயே மறைந்தார்.

ஒடுக்கிய முறை

1622இல் நாகசாகியில் ஒரே நாளில் ஐம்பத்தைவர் கொல்லப்பட்டனர். ஆயின் கொலைத்தண்டம் வீரரையே விளைவித்தது. இதனை உணர்ந்த அரசு, கொல்லுதலைவிட மறுதலிக்கச் செய்தலே பயன் தரும் எனக் கண்டது. தலைகீழாகக் குழியில் தொங்கவிடும் கொடுமை வந்தது. 1633இல் சபையின் தலைவராயிருந்த பெரெய்ராவே அதற்கு ஆற்றாது சமயத்தைத் துறந்தார். ஏசுவின் உருவமோ மரியாளின் உருவமோ பொறித்த பலகையை மிதிக்கச் செய்யும் 'ஃபுமி-எ' என்னும் சோதனை நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் நடைபெற்றது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிவு பெற்றாக வேண்டும். ஐந்து வீடுகள் ஒரு குழு. ஒரு வீட்டின் குற்றத்துக்கு ஐந்தும் பொறுப்பு. காட்டிக்கொடுப்போர்க்குப் பரிசும் உண்டு. 1682ஆம் ஆண்டுப் பலகையின்படி குரு ஒருவருக்கு 500 வெள்ளிக்காசுகள்.

இதனிடையே 1637இல் ஷிமாபாராவிலும் அமாகுசாவிலும் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். தாங்கொணா வரியும் பஞ்சமும் முதற்காரணம். சமயம் அவர்களை ஒன்றுசேர்த்த கயிறு. பதினாறு வயதினராகக் கூறப்படும் அமாகுசா ஷிரோவின் தலைமையில் ஹாரா கோட்டையில் அரணமைத்த ஏறத்தாழ 37,000 பேர், 1638இல் கோட்டை வீழ்ந்தபோது மாண்டனர். குடிகளை வருத்திய ஷிமாபாராத் தலைவரையும் ஷோகுன் அரசு தலை கொய்தது. 1639இல் போர்ச்சுகீசியக் கலங்களுக்கு வாயில் அடைக்கப்பட்டது. நாட்டிலிருந்த இறுதிக் குருவும் 1644இல் கொல்லப்பட்டார். ஜப்பானில் கிறித்தவம் முடிந்தது என்றே உலகம் எண்ணிற்று.

கரந்துறைந்தோர்

முடியவில்லை. மன்னரை நம்பி வந்தது மன்னரோடு போயிற்று. இல்லத்தினுள் புகுந்தது இல்லத்தில் தங்கிற்று. முன்னர்க் கூறிய இல்லறத்தார் சங்கங்கள் மறைவில் உருமாறின. ஊருக்கு ஒருவர் திருநாட்களின் பஞ்சாங்கத்தைக் காத்தார். ஒருவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தார். ஒருவர் வீடுதோறும் செய்தி சொன்னார். கருணையின் உருவாகிய கன்னோன் சிலை மரியாளாகக் கருதி வணங்கப்பட்டது. 'ஒராஷோ' எனப்பட்ட மந்திரங்கள் இலத்தீனும் போர்ச்சுகீசியமும் ஜப்பானியமும் கலந்து, பொருள் மறந்தும் ஓசை மறவாது, வாய்வழியாக இறங்கிவந்தன.

ஆண்டுதோறும் அவர்கள் உருவத்தை மிதித்தனர். இல்லம் திரும்பி மனம் வருந்தும் மந்திரத்தை ஓதினர். குரு இல்லாதவிடத்து உண்மையான மனவருத்தமே பாவத்தைக் கழுவும் என்னும் போதனை அவர்களுக்குப் பற்றுக்கோடாயிற்று. உயிரைக் கொடுத்தோரை வரலாறு போற்றுகிறது. நாள்தோறும் நாணத்தைச் சுமந்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தோரின் துணிவும் சிறிதன்று. 1797 முதல் ஓமுரா நாட்டினின்று பலர் தரிசு நிலம் திருத்தக் கோத்தோ தீவுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தம் மந்திரங்களையும் உடன்கொண்டே சென்றனர்.

1858ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி வெளிநாட்டார் தமக்கெனக் கோயில் எழுப்ப இசைவு பெற்றனர். நாகசாகியில் ஓஉரா கோயில் எழுந்தது. 1865 மார்ச்சு 17ஆம் நாள், அருகிலிருந்த உரகாமி ஊரார் சிலர் அங்கு வந்தனர். அவருள் ஒரு பெண், பெத்தி ஜான் என்னும் பிரெஞ்சுக் குருவை அணுகி, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லக் கூறி, மரியாளின் சிலை எங்கே என்று வினவினாள். ஏழு தலைமுறையின் மௌனம் அவ்வினாவில் கலைந்தது.

துன்பம் அத்துடன் தீரவில்லை. 1867இல் உரகாமி மக்கள் சிறைப்படலாயினர். அடுத்து வந்த மெய்ஜி அரசு 3,300க்கு மேற்பட்டோரை நாட்டின் பல பகுதிகளுக்குக் கடத்தியது. 600க்கு மேற்பட்டோர் மீளவில்லை. மேலை நாடுகளின் கண்டனத்தால் 1873இல் தடைப்பலகைகள் அகற்றப்பட்டன. திரும்பி வந்தோர், முன்னாளில் தாம் உருவத்தை மிதித்த ஊர்த்தலைவரின் மனையிடத்தையே விலைக்கு வாங்கிப் பெருங்கோயில் எழுப்பினர். 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் அணுகுண்டு அக்கோயிலையும், அவ்வூர்க் கிறித்தவருள் பெரும்பாலோரையும் அழித்தது. 1959இல் கோயில் மீண்டும் எழுந்தது.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. தடை நீங்கியபின் கரந்துறைந்தோர் அனைவரும் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பவில்லை. தம் முன்னோர் மறைவில் செய்த சடங்கே தம் சமயம் என்று பலர் விலகி நின்றனர். இக்கித்சுகி தீவில் அம்மரபினர் சிலர் இந்நூற்றாண்டிலும் ஒராஷோ ஓதிவருகின்றனர். யார் மரபைக் காத்தவர்? மூலத்துக்கு மீண்டவரா, கைக்கு வந்ததைக் கைவிடாதவரா? இருவரையும் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

2018இல் யுனெஸ்கோ நிறுவனம் நாகசாகி வட்டாரத்தின் மறைவிடங்களை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. அங்கே காண்பதற்குப் பெரிய மாளிகைகள் பல இல்லை. சிற்றூர்களும் தீவுகளும் கடற்கரைகளுமே மிகுதி. அரசின் ஆதரவால் பெருகுவது அரசின் சினத்தால் அருகும். அடுப்பங்கரையில் கற்பிக்கப்பட்டதைப் பறிக்க அரசுக்குக் கை நீளுவதில்லை. பிறந்த மண்ணைவிட்டு வந்து, மொழியையும் வழக்கத்தையும் மக்களிடம் ஒப்படைக்க முயலும் நாம், இவ்வரலாற்றை அயலாரின் கதையாக மட்டும் படித்து ஒதுக்குதல் இயலாது.