தங்கவயலும் தட்டிச் சுவரும்

கோலார் தங்கவயலின் வரலாற்றைக் கூறுவோர் பொன்னின் எடையையும் சுரங்கத்தின் ஆழத்தையுமே பெரிதும் குறிப்பர். பொன்னை எடுத்த மக்கள் எத்தகைய சுவர்களுக்குள் உறங்கினர் என்பது அத்துணை பேசப்படுவதில்லை. தாவர நார் வெப்பத்தையும் ஈரத்தையும் ஏற்கும் இயல்பை அறிய விரும்புவோர்க்கு அச்சுவர்களே நல்ல பாடமாகும்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குப் பணி தொடங்கினர். அதன் பின்னர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் பெருந்தொகையினராய்க் குடியேறினர். அவர்களுக்கென 'லைன்' எனப்பட்ட குடிசை வரிசைகள் எழுந்தன. பிளந்த மூங்கிலைப் பின்னிய தட்டியே பல குடிசைகளுக்குச் சுவராயிற்று.

மூங்கில், பருத்தி, சணல் ஆகிய யாவும் செல்லுலோசால் ஆயவை. அவற்றின் இழைகளிடையே சிறைப்பட்ட காற்று அசைவற்று நிற்பதால் வெப்பம் எளிதில் கடந்து செல்வதில்லை. செல்லுலோசு நீரை விரும்பும் பொருளுமாகும். காற்றில் ஈரம் மிகும்போது நார் நீராவியை ஈர்த்துக் கொள்கிறது; வறட்சி வந்ததும் அதனைத் திருப்பி விடுகிறது. 1 கிராம் நீராவியை ஈர்க்கையில் ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வெளிப்படும். உலர்கையில் ஏறக்குறைய அவ்வளவு வெப்பத்தை நார் ஏற்கும். ஆகவே, தக்க பருமனுள்ள நார்ச்சுவர் குளிரையும் வெம்மையையும் ஒருவாறு தணிக்க வல்லது. ஆனால் நார் நனைந்து, காற்றிருந்த இடத்தில் நீர் நிறைந்துவிட்டால் இப்பயன் கெடும். நீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதன்றோ?

லைன் வீட்டுத் தட்டியோ மெல்லியது. இடுக்குகள் வழியே காற்றுப் புகுவது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்துப் பாறையின் வெப்பம் 60 பாகை செண்டிகிரேடைக் கடந்தது. அவ்வெம்மையில் வியர்த்து மேலே வந்தவர்க்கு, மேட்டுநிலத்தின் குளிரிரவில் ஒற்றைத் தட்டி என்ன காப்பளிக்கும்? குறை மூங்கிலினுடையதன்று, வேண்டிய பருமனைத் தராத சிக்கனத்தினுடையது.

அதே தங்கவயலில் நாரின் மற்றொரு வரலாறும் உண்டு. 1902 ஜூன் 30-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து அங்கு வந்து சேர்ந்தது. அந்நாளைய மின்பொறிகளின் கம்பிச் சுருள்களுக்குப் பருத்தி நூலும் காகிதமுமே உறையாகப் பெரிதும் பயன்பட்டன. நிலத்தடி மின்வடங்களில் சணலும் இடம்பெற்றது. இங்கு ஈரம் பெரும்பகை. உறை ஈரமுற்றால் மின்சாரம் கசிந்து பொறி பழுதாகும். எனவே நாரை நன்கு உலர்த்தி, எண்ணெயோ வார்னிஷோ ஊட்டிப் பயன்படுத்தினர். கம்பியைச் சுற்றிய நாருக்குக் கிட்டிய இக்கவனம், மனிதரைச் சூழ்ந்த நாருக்குக் கிட்டவில்லை.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. இன்று உலகின் பல நாடுகளில் மரநாரும் சணல்நாரும் வீடுகளின் வெப்பக் காப்புக்கு மீண்டும் கையாளப்படுகின்றன. மழை படாத கூரை, நிலத்தின் ஈரம் ஏறாத அடித்தளம், போதிய பருமன், உட்புகுந்த ஈரம் வெளியேற வழி ஆகிய நான்கும் அங்கு முதற்கண் உறுதி செய்யப்படுகின்றன. நார்ச்சுவரை ஏழையின் சுவர் என இகழ்தல் பொருந்தாது. ஏழைக்கும் அதனை முறையாக அமைத்துத் தருதலே நாம் தங்கவயலிலிருந்து கொள்ளத்தக்க படிப்பினையாகும்.