கேம்கார்டர் பேட்டரி மின்னேற்றக் கோளாறுகள்

பேட்டரியில் சார்ஜ் ஏறாமல் இருப்பது, ஏறியதுபோல் காட்டிவிட்டுச் சில நிமிடங்களில் இறங்கிவிடுவது, சார்ஜரின் விளக்கு ஓயாமல் சிமிட்டுவது ஆகிய மூன்றும் கேம்கார்டர் வைத்திருப்போர் அடிக்கடி சந்திக்கும் கோளாறுகள். பேட்டரி செத்துப்போனது என்று ஒதுக்கப்படுபவை எல்லாமே செத்தவை அல்ல. ஆபத்தான நிலையில் மின்சாரத்தை ஏற்க மறுக்கும்படிதான் லித்தியம் அயனி பேட்டரியும் அதன் சார்ஜரும் செய்யப்படுகின்றன. ஏறவில்லை என்று நாம் சொல்வது பல நேரம் இந்த மறுப்பைத்தான்.

லித்தியம் அயனி பேட்டரியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது சோனி நிறுவனம், 1991இல். அது முதலில் இடம்பிடித்த கருவிகளில் ஒன்று கேம்கார்டர். அதற்கு முன்பு புழங்கிய நிக்கல் காட்மியம் பேட்டரிகளை அரைகுறையாகப் பயன்படுத்திவிட்டுத் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் அவற்றின் கொள்ளளவு குறைந்ததுபோல் ஆகிவிடும். அதனால் ஒட்ட இறக்கிவிட்டு ஏற்றுவது வழக்கமாயிற்று. பேட்டரி மாறியது, பழக்கம் மாறவில்லை. லித்தியம் பேட்டரியை இப்படி ஒட்ட இறக்கி அலமாரியில் வைப்பதைவிட அதற்குப் பெரிய கெடுதல் இல்லை.

சோனி ஹேண்டிகேம்களிலும் தொழில்முறைக் கேமராக்களிலும் பரவலாகப் புழங்கிய என்பி-எஃப் வரிசையை எடுத்துக்கொள்வோம். இதன் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 3.6 வோல்ட், இரண்டைத் தொடராக இணைத்து 7.2 வோல்ட். முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தொடும் என்பதால் பேட்டரி 8.4 வோல்ட்டில் நிற்கும். இவ்வகை ஹேண்டிகேம் அடாப்டர்களின் அடியில் 8.4 வி என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். என்பி-எஃப்550இல் இரண்டு செல்கள், எஃப்750இல் நான்கு, எஃப்970இல் ஆறு. உள்ளே ஒரு சிறிய பாதுகாப்புச் சுற்றும் உண்டு. மின்னழுத்தம் மிகையானாலும், அளவுக்கு மீறித் தாழ்ந்தாலும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். இன்ஃபோலித்தியம் என்று குறிக்கப்பட்டவை கூடுதல் முனை ஒன்றின் வழியே கேமராவோடு பேசி, இன்னும் எத்தனை நிமிடம் ஓடும் என்பதையும் சொல்லும். பிற்கால ஹேண்டிகேம்களின் திரையில் சி:04 என்று வந்தால், பொருத்தியிருப்பது இன்ஃபோலித்தியம் அல்ல என்று கேமரா கருதுகிறது. மலிவு விலை மாற்று பேட்டரிகளில் இது அடிக்கடி நேரும்.

கோளாறைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது விளக்கை. சோனியின் தனிச் சார்ஜர்களில் ஏறக்குறைய 1.5 நொடிக்கு ஒருமுறை விளக்கு மெதுவாகச் சிமிட்டினால், வெப்பநிலை சரியில்லாததால் சார்ஜர் காத்திருக்கிறது என்று பொருள். 0.15 நொடிக்கு ஒருமுறை படபடவென்று சிமிட்டினால் பழுதுக்கு வாய்ப்பு. ஆனாலும் புதிதாக வாங்கிய பேட்டரியும், நெடுநாள் கிடந்த பேட்டரியும் முதல் தடவை இப்படிப் படபடக்கலாம். கழற்றி மறுபடி மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். இந்த ஒரு வரி கையேட்டிலேயே இருந்தும், படிப்பவர் குறைவு.

அடுத்தது அடாப்டரா, பேட்டரியா என்று பிரித்தறிவது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரை மட்டும் செருகிக் கேமராவை இயக்க வேண்டும். ஓடினால் அடாப்டரும் ஒயரும் நலம். ஓடாவிட்டால் ஒயர் பிளக்கோடு சேரும் கழுத்துப் பகுதியை மெல்ல வளைத்துப் பார்க்கலாம். அந்த இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் மட்டும் உயிர் வருகிறதென்றால், உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பேட்டரியைக் கேமராவிலேயே வைத்துச் சார்ஜ் ஏற்றும் பழைய மாடல்களில் பவர் சுவிட்ச் ஆஃப் நிலையில் இருந்தால்தான் ஏறும். இதை மறந்துவிட்டுப் பழுது பார்க்கும் கடை வரை போனவர்கள் உண்டு. கணினியின் பழைய யூஎஸ்பி துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே. அதில் மாட்டிவிட்டு ஏறவே மாட்டேன் என்கிறது எனப் புகார் சொல்வதில் பயனில்லை.

முனைகளில் படியும் வியர்வையும் தூசியும் இன்னொரு காரணம். பித்தளை நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டிய தகடு மங்கிக் கறுத்திருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய், துரு இன்னும் வேகமாக ஏறும்.

மல்டிமீட்டர் கையில் இருந்தால் சந்தேகம் எளிதில் தீரும். கூட்டல், கழித்தல் முனைகளில் 7 வோல்ட்டுக்கு மேல் காட்டும் பேட்டரி ஏற மறுத்தால், குற்றம் சார்ஜரிலோ முனைகளிலோ இருக்கலாம். பூச்சியத்துக்கு அருகில் காட்டினால், மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்து பாதுகாப்புச் சுற்று துண்டித்துக்கொண்டது எனலாம். சில சார்ஜர்கள் சிறு மின்னோட்டம் செலுத்தி அதை எழுப்பிப் பார்க்கும். வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து உசுப்பும் வித்தையைச் செய்யக்கூடாது. மிகத் தாழ இறங்கிய செல்லில் எதிர்முனைத் தாமிரத் தகடு கரைந்திருக்கும். சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் மீண்டும் படிந்து உள்ளேயே குறுக்குச் சுற்றை உண்டாக்கலாம்.

தமிழ்நாட்டுக் கல்யாண வீடியோக்காரர்கள் நெடுங்காலம் நம்பியிருந்த பிடி170 கேமராவுக்கும் இதே என்பி-எஃப் பேட்டரிதான். ஓடி முடித்த பேட்டரி கைக்குச் சூடாக இருக்கும்போதே, மண்டபத்து மூலையில் சார்ஜரில் செருகினால் விளக்கு மெதுவாகச் சிமிட்டத்தான் செய்யும். மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரம் ஆறவைத்துவிட்டுச் செருகினால் போதும். குளிருக்கும் எல்லை உண்டு. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும் என்பதால் சார்ஜர் தொடங்காது. ஏற்றுவதற்கு ஏற்றது 10 முதல் 30 டிகிரி செல்சியஸ். உப்பிய பேட்டரியை எந்தச் சூழலிலும் சார்ஜரில் வைக்கக்கூடாது. குப்பைத்தொட்டியிலும் போடாமல் மின்கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் அழிந்துபோனால், குறை வேறு இடத்தில் இருக்கிறது. கடிகாரத்துக்கென்று கேமராவுக்குள் தனியே ஒரு சிறு செல் உண்டு. கேமராவைத் தொடாமல் சுமார் மூன்று மாதம் வைத்திருந்தால் அது தீர்ந்துவிடும். அடாப்டரைச் செருகி, கேமராவை ஆஃப் செய்து, 24 மணி நேரத்துக்கு மேல் விட்டுவைத்தால் அந்தச் செல் மறுபடி நிறையும்.