அரவிந்த் கண் மருத்துவமனை: உற்பத்தித்திறனும் போட்டித்திறனும்

அரவிந்த் கண் மருத்துவமனை 1976ஆம் ஆண்டு மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது. தேனி (1985), திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) எனக் கிளைகள் விரிந்து, இன்று உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ அமைப்புகளுள் ஒன்றாக உள்ளது. கண்புரை அறுவையைக் குறைந்த செலவில், பெரும் எண்ணிக்கையில், தரம் குறையாமல் செய்துவருவதால் மேலாண்மைக் கல்வியிலும் இதற்கு இடமுண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் 1993இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வறிக்கை அங்கே பாடமானது. மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத் 2004இல் வெளியிட்ட நூலிலும் அரவிந்த் இடம்பெற்றது. பொதுமக்கள் இதைத் தொண்டு என்கிறார்கள். அது சரிதான், ஆனால் அந்தத் தொண்டைத் தாங்கி நிற்பது கறாரான ஒரு நேரக் கணக்கு.

நிறுவனர்

கோவிந்தப்ப வெங்கடசாமி (1918–2006) எட்டயபுரம் வட்டாரத்தில் உள்ள வடமலாபுரத்தைச் சேர்ந்தவர். இராணுவ மருத்துவராகப் பணியாற்றியபோது முடக்குவாதம் தாக்கி அவர் விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர், அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைப் பிடித்துப் பழகிக் கண் அறுவைக்கு வந்தார். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற பிறகே அரவிந்தைத் தொடங்கினார். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே உடன் இறங்கியது. ஸ்ரீ அரவிந்தர் மீது அவருக்கு இருந்த பற்றே மருத்துவமனையின் பெயராயிற்று.

எந்த ஊரிலும் ஒரே சுவையில் உணவு தரும் மெக்டொனால்ட்ஸ் கடைகளின் ஒழுங்கைக் கண் மருத்துவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர் பேசிவந்தது பலரும் அறிந்ததே. ஆன்மிக நாட்டம் உள்ள ஒரு காந்தியர் அமெரிக்க உணவுக் கடையை முன்மாதிரியாகக் கொண்டாரே என்று வியப்பவர்கள் உண்டு. அவர் எடுத்துக்கொண்டது அக்கடையின் வேலைமுறையை மட்டுமே.

மருத்துவரின் நிமிடங்கள்

போட்ட உழைப்புக்கும் முதலுக்கும் எவ்வளவு பலன் கிடைத்தது என்ற விகிதமே உற்பத்தித்திறன். அதைக் கூட்ட எல்லோரையும் விரட்டி வேலை வாங்குவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. தொடர் வேலையில் எந்த இடத்தில் தேக்கம் ஏற்படுகிறதோ, அங்கே விரயமாகும் நேரத்தை மீட்டால்தான் மொத்தப் பலன் கூடும். இந்தியாவில் கண்புரையால் பார்வை இழந்தவர்கள் பல இலட்சம் பேர். அறுவை மருத்துவர்களோ மிகச் சிலர். ஆகவே அரவிந்தில் மற்ற எல்லா ஏற்பாடுகளும் மருத்துவரின் நிமிடங்களைக் காப்பதற்காகவே அமைந்தன.

அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தப்படுத்திவிடுவார்கள். முதல் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கி மறுபக்கம் திரும்பும், மருத்துவரும் திரும்புவார். கல்யாணத்தில் ஒரு பந்தி நடக்கும்போதே அடுத்த கூடத்தில் இலை போட்டு வைப்பது போன்ற ஏற்பாடு. வழக்கமான அரங்குகளில் இரு அறுவைகளுக்கு நடுவே மருத்துவர் காத்திருக்கும் நேரம் இங்கே ஏறக்குறைய இல்லை. கைதேர்ந்தவருக்கு ஓர் அறுவைக்குச் சில நிமிடங்களே ஆகும். அரவிந்த் மருத்துவர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவைகள் செய்கிறார் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. இது இந்தியச் சராசரியைப்போலப் பல மடங்கு.

இதன் மறுபாதி செவிலியர் படை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி தருகிறார்கள். பார்வையை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது, லென்ஸின் அளவைக் கணக்கிடுவது, அரங்கில் கருவிகளை எடுத்துக் கொடுப்பது என்று திரும்பத் திரும்ப வரும் வேலைகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நோயைக் கண்டறிந்து முடிவு சொல்வதும் அறுவை செய்வதும் மட்டுமே மருத்துவரிடம் வந்து சேரும். அரவிந்தின் வெற்றியைப் பேசுவோர் நிறுவனரின் ஆளுமையிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்தப் பெண்களின் உழைப்பை எடுத்துவிட்டால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது.

வேகமும் தரமும்

இவ்வளவு வேகத்தில் செய்தால் தரம் கெடாதா என்பது நியாயமான கேள்வி. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் ஏற்படும் கிருமித்தொற்றே இதற்கு நல்ல அளவுகோல். புதுச்சேரி அரவிந்தில் அடுத்தடுத்து நடந்த 42,000க்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரையில் இத்தொற்று 0.09 சதவீதம். அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைச் செலுத்தும் வழக்கம் வந்த பிறகு, ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வில் அது 0.07இலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது. ஒரே வேலையை ஒரே முறையில் ஆயிரக்கணக்கில் செய்யும்போது கை திருந்துகிறது. பிழை எங்கே நேர்கிறது என்பதும் எண்களில் தெரிந்துவிடுகிறது.

சிக்கனத்தின் பக்கவிளைவு ஒன்றும் உண்டு. அரவிந்தில் நடக்கும் ஒரு கண்புரை அறுவையால் வெளியாகும் கரியமில வாயு, பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆவதில் சுமார் 5 சதவீதமே என்று 2017இல் வெளியான இன்னோர் ஆய்வு கணக்கிட்டது. ஒருமுறை பயன்படுத்தி வீசும் பொருள்களைக் குறைத்து, கருவிகளையும் துணிகளையும் கிருமி நீக்கித் திரும்பப் பயன்படுத்துவது முக்கியக் காரணம்.

லென்ஸ்

1980களில் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் பணக்கார நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இங்கே ஏழை நோயாளிக்குப் புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். இறக்குமதி லென்ஸின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. வளரும் நாடுகளுக்கு அது கட்டுபடியாகாது என்று நிபுணர்களே கருதினர். சேவா அறக்கட்டளையும் சமூகத் தொழில்முனைவர் டேவிட் கிரீனும் துணைநிற்க, 1992இல் மதுரையில் லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் ஆலை தொடங்கப்பட்டது. லென்ஸின் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கி, பிறகு இன்னும் குறைந்தது. இன்று ஆரோலேபின் பொருள்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. மூலப்பொருளின் விலைக்குத் தலைவணங்காமல் அதைத் தானே செய்துகொள்வது எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தாது. தன் தேவையே ஓர் ஆலையை நடத்தப் போதுமானதாக இருந்ததால் அரவிந்துக்கு அது பொருந்தியது.

கட்டணமும் போட்டியும்

முழுக் கட்டணம், சலுகைக் கட்டணம், இலவசம் என்ற வழிகளில் எதில் போவது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. கட்டணத்துக்கு ஏற்ப அறையும் வசதியும் மாறும், மருத்துவர்கள் மாறுவதில்லை. கட்டணம் செலுத்துவோரின் பணம் இலவச அறுவைகளுக்கு உதவுகிறது என்பது பாதி உண்மை. ஊர்களில் நடத்தும் கண் முகாம்களிலிருந்து பேருந்துகளில் வரும் இலவச நோயாளிகளின் எண்ணிக்கையால்தான் அரங்குகள் சும்மா கிடப்பதில்லை. ஒவ்வோர் அறுவைக்கும் ஆகும் செலவு குறைவதும், இளம் மருத்துவர்கள் தேர்ச்சி பெறுவதும் அந்த எண்ணிக்கையால்தான். இலவசப் பிரிவை மூடினால் கட்டணப் பிரிவின் செலவு ஏறும்.

போட்டித்திறன் என்றால் பக்கத்துக் கடைக்காரரை வெல்வது என்று பொதுவாக நினைக்கிறோம். அரவிந்த் அப்படி நடந்துகொள்ளவில்லை. லயன்ஸ் சங்கங்களின் உதவியோடு 1992இல் தொடங்கிய லைகோ நிறுவனத்தின் வழியாகத் தன் வேலைமுறையைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. சிகிச்சைக்கே வராதவர்கள் மலைபோல் இருக்கும்போது மற்ற மருத்துவமனைகளைப் பகைப்பதில் பொருளில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வு இதை உறுதிசெய்தது: முகாம் நடந்த ஊர்களில் கண்நோய் உள்ள பெரியவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானோரே முகாமுக்கு வந்திருந்தார்கள். ஊர் ஊராக முகாம் நடத்திப் பெயர் பெற்ற நிறுவனத்துக்கு இது கசப்பான எண். அதன் பிறகே சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் வந்தன. இன்று அவை நூற்றைத் தாண்டிவிட்டன. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் சோதிக்க, தலைமை மருத்துவமனையிலிருந்து மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசுகிறார்.

வரம்பு

கண்புரை அறுவை குறுகியது, ஒரே மாதிரியானது, பெரும்பாலும் ஒரே தடவையில் முடிவது. அதனால்தான் அதை இவ்வளவு கச்சிதமாக ஒழுங்குபடுத்த முடிந்தது. எல்லா மருத்துவத்தையும் இப்படி நடத்தலாம் என்பது மிகை. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்புக்கு ஆண்டுதோறும் சோதனை வேண்டும், ஒரு பேருந்துப் பயணத்தில் வேலை முடியாது. இப்போது தேக்கம் விழித்திரை நிபுணர்களிடம் இருக்கிறது. விழித்திரைப் படங்களைப் பார்த்துப் பாதிப்பைக் கண்டறிய கூகுள் உருவாக்கிய கணினி நிரல் 2019இல் மதுரை அரவிந்தில் பயன்பாட்டுக்கு வந்தது.