ரோஸ் கென்னடி அம்மையார்: ஒரு தாயின் நூற்றாண்டு

ஒருவர் நூறாண்டு கடந்து வாழ்தல் அரிது. அந்த நூறாண்டும் ஒரு நாட்டின் வரலாற்றோடு பின்னிக் கிடத்தல் அதனினும் அரிது. 1890 ஜூலை 22ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்து, 1995 ஜனவரி 22ஆம் நாள் தமது 104ஆம் வயதில் மறைந்த ரோஸ் பிட்ஜெரால்டு கென்னடி அம்மையாருக்கு அவ்விரண்டும் வாய்த்தன. அதிபர் ஜான் கென்னடியின் தாயார் என்றே உலகம் அவரை அறியும். எந்தச் சமயப்பற்று அவரைத் துயரங்களில் தாங்கியதோ, அதே பற்று ஒருகால் அவரைத் தாம் பெற்ற மகளிடமிருந்து பிரித்தது என்பதைப் பலர் அறியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்தை வாட்டிய பஞ்சம் பல்லாயிரவரைக் கடல் கடந்து பாஸ்டனுக்குத் துரத்தியது. வந்தவர்கள் ஏழைகள்; கத்தோலிக்கர்கள். அந்நகரின் பழங்குடிச் செல்வர்களோ புராட்டஸ்டண்டுகள். அவர்களது ஏளனத்திற்கு நடுவே வளர்ந்த குடியேறிகளின் மகனான ஜான் பிட்ஜெரால்டு, 1906இல் அந்நகரின் மேயராகவே பொறுப்பேற்றார். அவருடைய மூத்த மகளே ரோஸ்.

படிப்பில் ஆர்வம் மிக்க ரோஸ், வெல்லஸ்லி கல்லூரியில் சேர விழைந்தார். கத்தோலிக்கப் பேராயரின் அறிவுரைக்கு இணங்கிய தந்தை அதற்கு இசையவில்லை. மாறாகக் கன்னியர் மடப் பள்ளிக்கும், பின்னர் நெதர்லாந்து நாட்டின் வால்ஸ் நகரிலிருந்த மடப் பள்ளிக்கும் மகளை அனுப்பினார். வெல்லஸ்லிக்குச் செல்லாதது தம் வாழ்வின் பெருங்குறை என்று அம்மையார் முதுமையிலும் கூறிவந்தார். கல்வி மறுக்கப்பட்ட பெண் தம் இல்லத்தையே பள்ளியாக்கிக் கொண்டார் எனலாம்.

1914 அக்டோபரில் ஜோசப் கென்னடியை அவர் மணந்தார். 1915 முதல் 1932 வரை ஒன்பது மக்கள் பிறந்தனர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை எழுதி வைத்தார் தாய். பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற கோவில், உறுதிபூசுதல், அம்மை குத்திய நாள், கண்ட நோய்கள், உடல் எடை என அனைத்தும் அதில் ஏறின. உடலின் நலமும் ஆன்மாவின் நலமும் ஒரே அட்டையில் இடம்பெற்றமை கருதத்தக்கது. 1920இல் நான்காம் குழந்தை காத்லீன் பிறந்த வேளையில், மூன்று வயதும் நிரம்பாத ஜான் செங்காய்ச்சலால் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டான். அதுவும் அட்டையில் ஏறியது.

உணவு மேசையே வகுப்பறை. செய்தித்தாள் துணுக்குகளைப் பலகையில் ஒட்டி வைப்பார். உண்ணும்போது அவற்றைப் பற்றிக் கேள்வி எழும். ஞாயிறன்று கோவிலில் கேட்ட மறையுரையின் பொருளையும் பிள்ளைகள் சொல்ல வேண்டும். மட்டக்கோலால் அடித்துத் திருத்தியதையும் அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. இன்றைய ஆசிரியர் இதனை ஏற்கமாட்டார். ஆயினும் கேள்வி கேட்டே அறிவை வளர்த்த முறையைக் குறை கூறவும் மாட்டார்.

1938இல் கணவர் பிரிட்டனுக்கு அமெரிக்கத் தூதரானார். அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் பத்திநாதர் போப்பாண்டவராக முடிசூடிய விழாவிற்குக் குடும்பம் உரோமை சென்றது. கடைக்குட்டி எட்வர்ட் புதிய போப்பாண்டவரின் கையாலேயே முதல் நற்கருணை பெற்றான். அம்மையாரின் வாழ்வில் அது உச்சம். சரிவும் தொலைவில் இல்லை.

மூன்றாம் குழந்தை ரோஸ்மேரி அறிவு வளர்ச்சி குன்றியவர். இங்கிலாந்தில் கன்னியர் நடத்திய மாண்டிசோரிப் பள்ளியில் அவர் மகிழ்ச்சியோடு தேறி வந்தார். நாடு திரும்பியபின் அவரது சினமும் கலக்கமும் மிகுந்தன. 1941 நவம்பரில் தந்தையின் முடிவின்படி அவருக்கு மூளையில் அறுவை செய்யப்பட்டது. இருபத்து மூன்று வயது மங்கை நடையும் பேச்சும் குலைந்து போனார். பிற்காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்துக் கத்தோலிக்கக் காப்பகம் ஒன்று அவரது இல்லமாயிற்று. குடும்பம் வெளியே வாய் திறக்கவில்லை. தங்கை யூனிஸ் 1962இல் எழுதிய கட்டுரையே அம்மௌனத்தைக் கலைத்தது. 1968இல் சிறப்பு ஒலிம்பிக் போட்டிகளைத் தொடங்கியவரும் அந்த யூனிஸே.

காத்லீன் கதை வேறு. 1944 மே மாதம் அவர் இலண்டனில் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த ஹார்ட்டிங்டன் பிரபுவைப் பதிவு அலுவலகத்தில் மணந்தார். தாய் இறுதிவரை எதிர்த்தார். மணவிழாவிற்குச் சென்ற உடன்பிறப்பு மூத்த அண்ணன் ஜோசப் ஒருவரே. ஆகஸ்டில் அந்த அண்ணன் போர் விமானம் வெடித்து மாண்டார். செப்டம்பரில் காத்லீனின் கணவர் பெல்ஜியப் போர்முனையில் வீழ்ந்தார். 1948 மே மாதம் காத்லீனும் பிரான்சில் விமான விபத்தில் இறந்தார். அடக்கத்திற்குத் தந்தை மட்டுமே சென்றார், தாய் செல்லவில்லை. இதனை நெறியில் உறுதி என்பாரும் உளர், கொடுமை என்பாரும் உளர். தாய்மையின் அளவுகோலால் அளந்தால் பின்னவர் கூற்றே பொருந்தும்.

அரசியலிலும் அம்மையாரின் பங்கு சிறிதன்று. 1916இல் செனட் தேர்தலில் அவருடைய தந்தையைத் தோற்கடித்தவர் ஹென்றி காபட் லாட்ஜ். 1952இல் அந்த லாட்ஜின் பேரரை வென்று ஜான் செனட்டரானார். அத்தேர்தலுக்காகத் தாயும் பெண்மக்களும் ஊர்தோறும் நடத்திய தேநீர் விருந்துகளில் பெண் வாக்காளர் திரண்டனர். 1960இல் ஜான் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1963 நவம்பர் 22இல் அவர் சுடப்பட்டார். 1968 ஜூனில் ராபர்ட்டும் சுடப்பட்டு இறந்தார். 1961 முதல் வாதநோயால் முடங்கிக் கிடந்த கணவர் 1969 நவம்பரில் மறைந்தார்.

நாள்தோறும் பூசைக்குச் செல்லும் வழக்கத்தை இத்துணை இடிகளுக்குப் பின்னும் அம்மையார் விடவில்லை. 1974இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். ரோஸ்மேரியைப் பற்றியும் அதில் எழுதினார். 1984இல் வாதநோய் தாக்கியபின் சக்கர நாற்காலியே துணையாயிற்று. 1990இல் மக்களும் பேரரும் சூழ நூறாவது பிறந்தநாள் கண்டார்.

1995இல் அவருக்கு முன் நால்வர் போக, பெற்ற மக்களில் ஐவர் எஞ்சியிருந்தனர். ஞானஸ்நானம் பெற்ற பாஸ்டன் தூய ஸ்தேவான் கோவிலிலேயே அவருக்கு இறுதிப் பூசை நடந்தது. புரூக்லைன் கல்லறையில் கணவருக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். ரோஸ்மேரி மேலும் பத்தாண்டுகள் வாழ்ந்து, 2005இல் மறைந்தபோது அதே கல்லறையில் பெற்றோரின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.